அத்தைக்காக நான் சொன்ன பதில்

அந்தச் சின்ன பிளாஸ்டிக் குப்பியை மருத்துவர் என் உள்ளங்கையில் வைத்தபோது அதற்குள் ஒன்றுமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சிறுநீர் பிடித்து வரச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி மூடி போட்ட குப்பி. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம் நீர், அதில் கறுப்பாக ஒரு துரும்பு. என் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் ஒடிந்து பிசிறு பிசிறாக இருந்தது. அத்தையின் முழங்காலுக்குள்ளிருந்து எடுத்தது இதுதான் என்றார் மருத்துவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது செம்பனை முள், எண்ணெய்ப் பனை மட்டையில் இருப்பது. இதற்காகவா இரண்டரை வருடம்? இதற்காகவா காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்? உட்கார நாற்காலி தேடினேன். பக்கத்தில் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அந்தத் துரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடமாக வேலை. மாமா இறந்து பல காலமாகிறது. பிள்ளைகள் இல்லை. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் புக்கிட் செந்தோசாவில் குடியிருந்து செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சரக்குகளைப் பரிசோதிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். எங்கள் மேலாளருக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது. என்ன பழுது, எத்தனை, எந்த இயந்திரம், அவ்வளவுதான். எதையும் மூன்று வரியில் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அத்தை எனக்கு நேர் எதிர். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், காலையில் மீன்காரன் ஏன் தாமதமாக வந்தான் என்பதிலிருந்துதான் தொடங்குவார். தொலைபேசியில் அத்தை பேசும்போது ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் துணி மடிப்பேன். இடையிடையே ‘ம்’ சொன்னால் போதும்.

அத்தையின் வேலை கீழே சிதறிய பழம் பொறுக்குவது. ஆண்கள் நீளக் கம்பில் அரிவாள் கட்டி மரத்தின் மேலிருந்து குலையை வெட்டித் தள்ளுவார்கள். குலை விழுந்த வேகத்தில் பழங்கள் நாலா பக்கமும் தெறிக்கும். அவற்றை ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். குனிந்து பொறுக்கினால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று பெண்கள் மண்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பொறுக்குவார்கள். வெட்டிய மட்டைகளும் அங்கேதான் கிடக்கும். மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். அதை இழுத்து ஓரமாகப் போடாமல் பழத்தைத் தொட முடியாது. ஆகவே முள் குத்தாத நாள் என்று ஒன்று அந்த வேலையில் கிடையாது. அம்மாவும் அதே தோட்டத்தில் வேலை செய்தவர்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குழாயடியில் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளெடுத்துக்கொண்டிருப்பார்கள். வராத முள்ளை அப்படியே விட்டுவிடுவார்கள். சீழ் வைத்தால் தானே வெளியே வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது முள்ளுக்காக விடுப்பு கேட்டால் அன்று முழுக்க அவளை வைத்துத்தான் சிரிப்பு. “முள்ளுக்கு லீவு கேட்டா கொசுக்கடிக்கு ஆஸ்பத்திரியில படுக்கணும் லா” என்பார் அத்தை. தோட்டத்தில் விழுவது காயம், அரிவாள் படுவது காயம், லோரியில் அடிபடுவது காயம். முள் குத்துவதற்குப் பெயரே கிடையாது, அது வேலை.

வலி எப்போது ஆரம்பித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு வந்தபோது வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். வயசாச்சு, முட்டி தேயாமல் என்ன செய்யும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது அத்தைக்கு ஐம்பத்திரண்டுதான். முறுக்கு சுட்டு முடித்து எழுந்திருக்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். தோட்டத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி அதே மாத்திரை. பொங்கல் வரும்போது முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது. நானே முன்னின்று, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு நிபுணரிடம் அழைத்துப் போனேன்.

அந்தக் காலை நேரத்தைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே போவதற்கு முன்பே அத்தையிடம் சொல்லிவிட்டேன். “நீங்க பேசாம இருங்க அத்தை. டாக்டருக்கு நேரமில்ல. நான் சொல்லிக்கிறேன்.” அத்தை பச்சைச் சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினார். நிபுணர் நல்ல மனிதர். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. அத்தைக்கும் புரியட்டும் என்று மலாய்மொழியிலேயே கேட்டார். எத்தனை நாளாக வலி? காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? காய்ச்சல் உண்டா? எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். பிறகு, கீழே விழுந்தாரா, முட்டியில் ஏதாவது அடிபட்டதா, காயம் பட்டதா என்று கேட்டார். நான் அத்தையின் பக்கம் திரும்பினேன்.

அத்தைக்கு அது போதும். தமிழில் ஆரம்பித்துவிட்டார். “வுழலாம் இல்ல பாப்பா. அடியும் படல. முள்ளுதான். அன்னிக்கு மழ வேற, மண்டோரு அந்தக் கடைசி வரிசைய முடிச்சிட்டுத்தான் போவணும்னாரு. மட்டைய இழுக்கறேன், சறுக்கி மண்டி போட்டுட்டேன், நல்லா எறங்கிருச்சு. பாதி வந்துச்சு, பாதி வரல. பக்கத்து வூட்டு அக்காதான் ஊக்க வச்சி நோண்டுனா, அவளுக்குக் கண்ணு சரியா தெரியாது, போன வருசம்தான் ஆப்ரேசன் பண்ணுனா...” பேச்சு பக்கத்து வீட்டு அக்காவின் கண் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டது. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். நிபுணரின் பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்துத் திரும்பி, “தாக் அடா, டாக்டர்” என்றேன். இல்லை, டாக்டர். அவர் எழுதிக்கொண்டார்.

முள்ளைப் பற்றித் தெரியாதவள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பாள். கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, ‘ஐயோ, முட்டியில் முள் ஏறியதாமே’ என்று பதறியிருப்பாள். எனக்கு முள் தெரியும். தெரிந்ததால்தான் அது ஒரு பதிலாகவே என் காதில் விழவில்லை. டாக்டர் காயம் பற்றிக் கேட்கிறார், அத்தை முள்ளைப் பற்றிக் கதை சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூட்டுவாதம் என்று முடிவானது. இரத்தப் பரிசோதனையில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் நிபுணர். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ஸ்டெராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் வீக்கம் பாதியாக வடிந்தது, அத்தை என்னைக் கும்பிடாத குறை. மாத்திரையின் அளவைக் குறைத்ததும் வலி திரும்ப வந்தது, அளவைக் கூட்டினார்கள். இப்படியே இரண்டு வருடம். அத்தையின் முகம் உப்பியது. கன்னம் இரண்டும் வீங்கிக் கண் சின்னதாகிவிட்டது. திருமணங்களில் பார்த்தவர்கள், சாப்பாடு நன்றாக ஒட்டுகிறது போல என்று கேலி செய்தார்கள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. அதற்குத் தனியாக மாத்திரை. வலி மட்டும் போகவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் நான் அத்தையைத் திட்டியது கொஞ்சமில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று திட்டினேன். கண்டதைத் தின்பதால்தான் சரியாகவில்லை என்றேன். கோயிலில் வேண்டிக்கொண்டு, அந்த வீங்கிய காலோடு பால்குடம் எடுத்தார் என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் தொலைபேசியில் பேசவே இல்லை. உள்ளுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தனியாக இருக்கிறவர், நாங்கள் வந்து போக வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். வலியை யார் அளந்து பார்க்க முடியும்? எங்கள் பிரிவில் ஒரு பொருள் பழுதா இல்லையா என்று ஒரு கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தையின் வலிக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவர் வாயால் சொல்வதுதான். அதைத்தான் நான் நம்பவில்லை.

மூன்றாவது வருடம் பாதியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது முட்டிக்குப் பக்கத்து எலும்பில் அரித்ததுபோல ஒரு மாற்றம் தெரிந்தது. நிபுணர் அன்று அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். கட்டியாக இருக்கலாம். எலும்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கெட்ட கட்டி என்று உறுதியானால், பரவியிருக்கும் அளவைப் பொறுத்து, காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரலாம், குடும்பத்தில் பேசித் தயாராக இருங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது அத்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய் அம்மாவிடம் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தார்.

எதையும் மூன்று வரியில் சொல்லும் எனக்கு அன்று அத்தையிடம் சொல்ல ஒரு வரியும் வரவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, லோரி ஓட்டும் என் கணவர் வந்ததும் அவரிடம் தனியாகச் சொன்னேன், அத்தையிடம் அவர்தான் சொன்னார். அத்தை கையைக் கழுவாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். சோற்றுப் பருக்கை விரலில் காய்ந்துகொண்டிருந்தது. “அப்ப லயத்து வூட்ட காலி பண்ணச் சொல்லிருவாங்களா?” என்று கேட்டார். வேலை செய்கிறவர்களுக்குத்தான் வீடு. பிறகு என்னைப் பார்த்து, “வெட்டுன கால என்னா பண்ணுவாங்க பாப்பா? நம்மகிட்ட குடுத்துருவாங்களா?” என்றார். குரலில் அழுகை இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம் என்று சொன்னது என் கணவர்தான். “லோரி ரிப்பேருன்னாலே ரெண்டு வொர்க்ஷாப்புல கேக்குறோம். இது காலு லா” என்றார். நான் தயங்கினேன். இரண்டரை வருடம் பார்த்த நிபுணருக்குத் தெரியாததா? ஒருவர் மேல் நம்பிக்கை வைத்துவிட்டு இன்னொருவரிடம் போவது நன்றாகவா இருக்கும்? என்னைவிட அத்தை தயங்கினார். “அந்த டாக்டரு மனசு சங்கடப்படும். அப்பறம் அவரு மூஞ்சில எப்புடி முழிக்கறது?” என்று கேட்டார். கால் போகப் போகிறவர் டாக்டரின் மனசுக்காகக் கவலைப்பட்டார். எக்ஸ்ரே படங்களை வாங்கப் போனபோது நானும் ஏதோ திருட வந்தவள் மாதிரிதான் நின்றேன். முகப்பில் இருந்த தாதி ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு குறுந்தட்டில் பதிந்து கொடுத்துவிட்டார். இதற்கா ஒரு வாரம் தூங்காமல் இருந்தோம் என்று இருந்தது.

அரசாங்க மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காலையில் எண் எடுத்து மதியம்தான் உள்ளே போனோம். மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். எனக்கு மனசு விட்டுப்போனது. நான் கோப்பை நீட்டி, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று வரியை ஆரம்பித்தேன். அவர் கோப்பை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மக்சிக், என்ன வேலை செய்றீங்க?” என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டார். தோட்ட வேலை என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, மக்சிக்கே சொல்லட்டும் என்றார். இந்தோனேசியக்காரப் பெண்களோடு வேலை செய்து பழகிய மலாயில் அத்தை சொல்ல ஆரம்பித்தார். பழம் பொறுக்குகிற வேலை. எப்படிப் பொறுக்குவீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் தடுப்பதற்குள் அத்தை நாற்காலியிலிருந்து இறங்கி, அந்த வீங்கிய முட்டியோடு மருத்துவமனைத் தரையில் மண்டி போட்டுக் காட்டினார். மருத்துவர் பதறி எழுந்துவிட்டார். நானும் அவருமாகச் சேர்ந்து அத்தையைத் தூக்கி உட்கார வைத்தோம். அத்தைக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை.

மருத்துவர் தன் நாற்காலியை அத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முள் குத்தியிருக்கிறதா என்று கேட்டார். அவர் சொன்ன மலாய்ச் சொல் டுரி. அதைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டார். தினம்தான் குத்தும் டாக்டர் என்றார். மருத்துவரும் சிரித்தார். தன் அப்பாவுக்கும் செம்பனைதான், சின்ன வயதில் தானும் பழம் பொறுக்கியிருப்பதாகச் சொன்னார். அப்பாவின் விரல் மூட்டு ஒரு வருடம் வீங்கியே இருந்ததாம், கடைசியில் உள்ளே இருந்தது முள்ளாம். சொல்லிவிட்டு, முட்டியில் குத்தி முழுசாக வெளியே வராத முள் ஏதாவது உண்டா என்று கேட்டார். அத்தை யோசிக்கவே இல்லை. சேலையை விலக்கி, முட்டிச் சில்லுக்குக் கீழே உள்பக்கமாக ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கே கடுகளவு ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. இரண்டரை வருடமாக எத்தனை முறை அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்திருப்பேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

முள் எக்ஸ்ரேயில் தெரியாது, மரக்குச்சி மாதிரிதான் என்று மருத்துவர் விளக்கினார். மூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் உடம்பு அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும், வீங்கும், பக்கத்து எலும்பைக்கூட அரிக்கும், பார்ப்பவருக்கு வாதம் மாதிரியும் இருக்கும், கட்டி மாதிரியும் இருக்கும். ஆனாலும் கட்டி இல்லை என்று இப்போதே சொல்ல மாட்டேன், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். கர்ப்பிணிகளுக்கு வைத்துப் பார்க்கிற அதே ஸ்கேன் கருவியை அத்தையின் முட்டியில் வைத்துப் பார்த்தார்கள். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. அறுவை சிகிச்சைக்கு அதிகம் காத்திருக்க வைக்கவில்லை. முள்ளையும் அதைச் சுற்றித் தடித்திருந்த சதையையும் எடுத்தார்கள். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கட்டி இல்லை.

குப்பியை என் கையில் வைத்துவிட்டுப் போகத் திரும்பிய மருத்துவர், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார். “முதல்ல பார்த்த டாக்டர் காயம் ஏதாவது பட்டுச்சான்னு கேக்கலையா?” என்றார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்திருக்கும். அப்போதுதான் எனக்கு அந்தக் காலை, அத்தையின் பச்சைச் சேலை, பாதி வந்துச்சு பாதி வரல என்ற வார்த்தை, தாளின் மேல் நின்ற பேனா எல்லாம் ஒன்றாக வந்து மோதின. கேட்டார் என்று சொன்னேன். அத்தை என்ன பதில் சொன்னார் என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். ஒவ்வோர் எழுத்தும் ஞாபகம் இருந்தது.

வீட்டில் எல்லோரும் முதல் நிபுணரைக் கரித்துக் கொட்டினார்கள். இவ்வளவு படித்தவருக்கு ஒரு முள்ளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையா, காலை வெட்டப் பார்த்தானே பாவி என்றெல்லாம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். நானும் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை எழுதவில்லை. என் கணவருக்குக் கோபம் அடங்கவே இல்லை. புகார்க் கடிதம் ஒன்றைத் தயார் செய்து, “நீதான் நல்லா எழுதுவியே, கொஞ்சம் திருத்திக் குடு” என்று என்னிடமே கொடுத்தார். நோயாளிக்குக் காயம் பட்டதா என்று ஒரு முறைகூட விசாரிக்கவில்லை என்று அதில் இருந்தது. விசாரித்தார். அவர் விசாரித்ததும் நான் சொன்னதும் அவருக்கும் எனக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சொல்வதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அழுவார், திட்டுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகத்தின் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. பழைய அத்தை பாதி திரும்பி வந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, எங்கேயும் சுருக்காமல், முதலிலிருந்து சொன்னேன். டாக்டர் கேட்டது, அத்தை சொன்னது, நான் இல்லை என்றது. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தை கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

“தெரியுமே” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்னா தெரியும்?” என்று கேட்டேன்.

“நீ தாக் அடான்னு சொன்னது. பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்.”

மலாய்க்காரர்களோடும் இந்தோனேசியக்காரர்களோடும் முப்பது வருடம் வேலை செய்தவருக்கு அந்த இரண்டு வார்த்தை புரியாமல் போகும் என்று நான் எப்படி நினைத்தேன்? நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அவருக்காகப் பேச ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அவர் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஏன் அத்தை அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ படிச்ச புள்ள. முள்ளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல போல, அதான் சொல்ல மாட்டேங்குறான்னு நெனச்சேன். டாக்டரு முன்னாடி நான் ஒன்னைய மறுத்துப் பேசுனா ஒனக்கு அசிங்கமா போயிரும்ல?” என்றார். ஒரு பழுத்த இலையைக் கிள்ளித் தூரப் போட்டார். “வலிக்கறப்பல்லாம் அந்த எடத்த அமுத்திப் பாப்பேன். முள்ளாத்தான் இருக்கும்னு தோணும். அப்பறம், பாப்பாதான் இல்லன்னு சொல்லிருச்சேன்னு வுட்டுருவேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று போனவள், அதைப் போல் பத்து மடங்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார். வாட்ஸ்அப் குழுவிலும் நடந்ததை எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

அத்தை இப்போது நாற்றங்காலில் வேலை செய்கிறார். உட்கார்ந்தபடி களை பிடுங்குகிற வேலை. லயத்து வீடு தப்பியது. முட்டி முழுவதுமாக மடங்காது, மண்டி போட முடியாது, சாமி கும்பிடும்போதுகூட நின்றுகொண்டுதான். அந்த மாத்திரையால் வந்த இனிப்பு நீர் போகவில்லை, போகாது என்கிறார்கள். இரண்டரை வருடம் முன்பே எடுத்திருந்தால் முட்டி பழையபடி ஆகியிருக்குமா என்று மருத்துவரிடம் ஒரு முறை தனியாகக் கேட்டேன். இருக்கலாம் என்றார்.

போன மாதம் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வழியிலேயே, இனிமேல் எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேன். சரி என்று தலையாட்டினார். அன்று வேறொரு மருத்துவர். அத்தையைப் பார்த்து, இன்னும் வலி இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். புரியாமல் போக அதில் ஒன்றும் இல்லை. அத்தை வாயைத் திறந்தார். திறந்தவர் நிறுத்திக்கொண்டு, மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மருத்துவர் காத்திருந்தார். நிமிர்ந்தபோதும் அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க அத்தை” என்றேன்.

அதற்குப் பிறகுதான் மருத்துவர் பக்கம் திரும்பி, வலிக்கிறது என்றார்.